எல்டன் நம்பிய கணுக்கால் தண்ணீர்

ஷெரீப், அந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் தீவனக் கடையின் பின்னறையில் சீட்டாடிக்கொண்டிருந்தது நான்கு பேர்: கடைக்காரர் பூஃபர்ட், மாட்டு வைத்தியர் ஏமஸ், பக்கத்துப் பண்ணை எல்டன் ட்ரிக்ஸ், நான். மழை பெய்தது. காப்பி வழக்கம்போல் கசந்தது.

எல்டன் பயந்து ஆடுகிறவன். "சீட்டப் பிரிக்கறதுக்கு முன்னாடி பாதிரியாரக் கேட்டுட்டு வர்றியா?" என்று பூஃபர்ட் சீண்டுவார். அப்படிப்பட்டவனிடம் நல்ல சீட்டை வைத்துக்கொண்டு பெரிதாகப் பணம் கட்டினால் தன் சீட்டைக் கவிழ்த்துவிட்டுப் போய்விடுவான். சிறிதாகக் கட்ட வேண்டும். கொஞ்சம் தயங்க வேண்டும். தானாக முடிவெடுத்ததாக அவன் நினைக்க வேண்டும். அன்று என் கையில் மூன்று ராஜா. தாடையைச் சொறிந்தபடி இரண்டு டாலர் தள்ளினேன். அவனும் ஈடாகப் பணம் போட்டு வந்தான். மறுபடி தள்ளினேன். மறுபடியும் வந்தான்.

இன்னொன்று. பயந்தவன் தானாகத் துணிந்தால் கையில் நல்ல சீட்டு இருக்கிறது என்று பொருள். மற்ற இருவரும் மூட்டைகளை நனையாமல் நகர்த்தப் போனபோது எல்டன் குரலைத் தாழ்த்தினான்.

"ஐயா, உங்க கிழக்கு மேய்ச்சல்ல இருக்கற கன்னுங்க எங்களோடது. எங்க சூட்டுக்குறி மேல உங்க சூடு போட்டிருக்கு. நிச்சயமாத் தெரியாம பேசக் கூடாதுன்னு யார்கிட்டயும் சொல்லல. நாளைக்கு மாட்டுச் சூடு பாக்கற ஆய்வாளர் வர்றாரு, அவர்கிட்ட காட்டிடறேன்."

அந்தச் சூட்டைப் போட்டது நான். என் மகன் பெயரை இந்த வாக்குமூலத்தில் எழுத வேண்டாம். ஹாலிஸ் என்ற எங்கள் குடும்பப் பெயரை நான்கு தலைமுறையாக யாரும் தாழ்த்திப் பேசியதில்லை.

கிளம்பும்போது எல்டன் கேட்டான்: "ஓடையத் தாண்டலாங்களா, ஐயா?"

நான் வரும்போதே ஓடைத் தண்ணீர் என் வண்டியின் அச்சைத் தொட்டிருந்தது. மலைப்பக்கம் கறுத்துக் கிடந்தது. 'கவலையே இல்லை, போ' என்று அடித்துச் சொல்லியிருந்தால் பயந்து பாலம் வழியாகச் சுற்றிப் போயிருப்பான்.

"கணுக்கால் தண்ணிதான். கல்லு கொஞ்சம் வழுக்கும் தம்பி, பாத்துப் போ," என்றேன்.

வாசலில் நின்று பார்த்தேன். வலப்பக்கம் பாலம், இடப்பக்கம் ஓடை. வண்டி சற்று நேரம் நின்றது. பிறகு இடப்பக்கம் திரும்பியது. அவனாக எடுத்த முடிவு அது. அவன் உடலையும் வண்டியையும் மறுநாள் ஓடை வளைவுக்குக் கீழே சேற்றில் கண்டெடுத்தீர்கள்.

கடைசி ஆட்டத்தில் நான் சீட்டை மாற்றி அவனை ஏமாற்றியதாக ஊரில் பேச்சு. அது பொய். மூன்று ராஜாவும் முறையாக வந்தவை. எங்கள் குடும்பத்தில் யாரும் யாரையும் ஏமாற்றியதில்லை.