வெறுங்கால் டிரைவர்

— கால்ல செருப்பக் காணோமே மச்சான்?

— வார் அந்து போச்சு. வெரசா ஏறு ரஹ்மத்து. போடி ஊரு போயிச் சேர்றதுக்குள்ள மழ புடிச்சுக்கிரும்.

— பெருநாளைக்கு வாங்குன செருப்பு... அதுக்குள்ளயா?

— செருப்பு கெடக்கட்டும். இன்னைக்குக் காலேசுல மாதிரிக் கோர்ட்டுன்னியே, எப்பிடிப் போச்சு?

— ம்ம்... போச்சு.

— வக்கீலுக்குப் படிக்கிறவ இம்புட்டுத்தான் பேசுவியா? வீட்ல நான் ஒண்ணு சொன்னா ஒம்பது திருப்புவ!

— அங்க எந்திரிச்சு நின்னதும் நாக்கு ஒட்டிக்கிச்சு. எல்லாம் நம்ம மக தஸ்னீம் வயசுப் புள்ளைக. மொத நாளு என்னைய டீச்சருன்னு நெனச்சு எந்திரிச்ச புள்ளைக... நாப்பத்திரெண்டு வயசுல நான் போயி...

— என்ன கேசு குடுத்தாங்க?

— அது... வரப்புத் தகராறு.

— வரப்பா?

— ஆமா. ராசிங்காபுரம் பக்கம்னு வச்சுக்கங்களேன். நீங்க எங்க இருந்தீங்க இம்புட்டு நேரம்?

— டீக்கடையில. ஜீப்பு ஓட்டுறவனுக்கு உள்ள என்ன சோலி?

— மத்தியானம் பூராவுமா?

— ரெண்டு டீ குடிச்சேன்... ஏன் ரஹ்மத்து, அந்த எதிர்க்கட்சிப் பய வெளுத்துக் கட்டுனப்ப நீ கண்ண மூடிக்கிட்டியே, பயந்துட்டியா?

— எதிர்க்கட்சிப் பையன்னு உங்களுக்கு யாரு சொன்னா?

— அதா... ஒரு யூகந்தான்.

— யூகம்!

— சிரிக்காத. கேளு, நாளைக்கு விடியக்காலம் போடிமெட்டு ட்ரிப்புல பத்துப் பொம்பளைகதான். இருவது பேர அடைக்க மாட்டேன்.

— கங்காணி விடுவாரா?

— விடாட்டி வேற வண்டி பாக்கட்டும். ஏலக்கா மூட்டையவே நசுங்காம அடுக்குறோம்... அதப் பறிக்கப் போற பொம்பளைகள மட்டும் எதுக்கு அடைக்கிறோம்?

— ...அது நான் அங்க கோர்ட்டுல பேசுனதுல்ல?

— நீ என்னமோ வரப்புத் தகராறுன்னு சொன்ன?

— மொதல்லயே எப்பிடிச் சொல்லுவேன்? ஜீப்புல இருந்து விழுந்த பொம்பளைக்காக, டிரைவர எதுத்து நிக்கச் சொன்னாங்க. எம் புருசன் தொழிலையே கூண்டுல ஏத்தணும். மனசு கசந்துச்சுன்னா சொல்லிருங்க, நாளையில இருந்து படிக்கப் போகல.

— போகாம? அடியே, நீ பேசப் பேச அந்த ஹாலே மூச்சு விடல. ஜட்ஜா இருந்தவரு பேனாவக் கீழ வச்சுட்டாரு! எனக்குக் கையில முடியெல்லாம் எந்திரிச்சு நின்னுச்சு. இவளா நம்ம வீட்ல எங்கூடச் சண்ட போடுறவன்னு... யா அல்லா!

— டீக்கடையில இருந்து அம்புட்டுமா தெரிஞ்சுச்சு?

— சன்னல் வழியா... சும்மா எட்டிப் பாத்தேன்.

— சன்னல்ல எட்டிப் பாக்கவா, பள்ளிவாசலுக்குள்ள போற மாதிரி வாசல்ல செருப்பக் கழட்டுனீங்க? நீங்க வந்து நின்னதப் பாத்துத்தான் பயந்துபோயிக் கண்ண மூடுனேன். தொறந்தா, வெறுங்காலோட நிக்கிறீங்க... அப்பறந்தான் எனக்குப் பேச்சே வந்துச்சு. இந்தாங்க, நான் வெளிய வர்றதுக்குள்ள செருப்ப விட்டுட்டு ஓடுனீங்கல்ல, எம் பையிலதான் இருக்கு. மாட்டிக்கிட்டு ஓட்டுங்க.