ஒரு பழுப்புமணிகூட இல்லாத அரிசி

இல்ல சார், நீங்களே சொல்லுங்க, என் அரிசியில சத்து இல்லையாமே! யாரைப் பார்த்து என்ன பேச்சு! உக்காருங்க சார், மூட்டை மேலயே உக்காருங்க. சாம்பிள் எடுக்க வந்த ஆபீசர் நின்னுக்கிட்டே இருந்தா எனக்குல்ல கால் வலிக்குது! மிஷின் சத்தத்துல கேக்கலையா? பரவாயில்ல, நான் சத்தமாவே பேசறேன்.

போன தடவையும் உங்களை மாதிரி ஒருத்தர் வந்தாரு. ஒரு பையில அள்ளிக்கிட்டுப் போனாரு. லேபுல இருந்து பதில் வருது, 'சத்தரிசி அறவே இல்லை'ன்னு! இந்தத் தடவையும் அப்படியே வந்துச்சுன்னா பள்ளிக்கூடத்துக்கு அரிசி போடற லைசென்ஸ் போயிடும். அப்புறம் மில்லை இழுத்து மூட வேண்டியதுதான். அப்பா கட்டின மில்லு சார்...

நான் ஏமாத்தறவனா? மாவுல இரும்புச்சத்து, வைட்டமின் எல்லாம் போட்டுப் பிசைஞ்சு, அரிசி மாதிரியே அச்சுல வார்த்து அனுப்பறாங்களே, அந்தச் சத்தரிசியை வாங்கி, சாதா அரிசியில நூத்துக்கு ஒண்ணுன்னு என் கண்ணு முன்னாடி கலக்கறேன். அதோ காலிச் சாக்கு கிடக்கு பாருங்க, அது என்ன பொய்யா சொல்லுது?

அட, அந்தத் தர விதியை எழுதின கமிட்டியிலயே நான் இருந்தேன் சார்! மில்காரங்க சார்பா. ஏசி ரூமு. பிஸ்கட்டைக் கடிச்சுக்கிட்டு ஈரப்பதம், உடைசல்னு இழுத்துக்கிட்டே இருந்தாங்க. நான் எழுந்து போட்டேன் பாருங்க ஒரு போடு! 'நிறம் மாறின அரிசி ஒண்ணுகூட இருக்கக் கூடாது! பிள்ளைங்க தட்டு, விளையாட்டா?' ஒரு விஞ்ஞானி அம்மா, 'ஐயா, சத்தரிசியே கொஞ்சம்...'னு என்னமோ ஆரம்பிச்சாங்க. விடுவேனா? அவங்க மூச்சு விடறதுக்குள்ள நான் அடுத்த விஷயத்துக்குப் போயிட்டேன். கடைசியில 'கொஞ்சம் இருக்கலாம்'னு எழுதி வச்சுட்டாங்க, வழவழன்னு. போங்கய்யா! என் மில்லுல என் விதின்னு வந்துட்டேன். ஒரு பழுப்புமணிகூட இருக்கக் கூடாது.

அதுக்குத்தான் இந்த கலர் சார்ட்டர். ஒவ்வொரு அரிசியையும் கேமரா பார்க்கும். நிறம் மாறினது வந்தா 'புஸ்'ஸுனு காத்தடிச்சு வெளியே தள்ளிடும். என் நாக்குக்கும் ஒண்ணு வாங்கி மாட்டச் சொல்லுவா என் சம்சாரம்... அவ கிடக்கா. மத்த மில்காரங்க சத்தரிசி கலக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஓட்டறதோட சரி. சோம்பேறிங்க! நான் கலந்த பிறகும் இன்னொரு தடவை ஓட்டுவேன். அவன் பாஸு, நான் ஃபெயிலு! இது எந்த ஊர் நியாயம்? தன் தலையில தானே மண்ணை அள்ளிப் போட்டுக்க நான் என்ன யானையா?

மிஷின் தள்ளினதையும் வீணாக்கறதில்ல. சம்சாரம் கோழிக்குப் போட்டுடுவா. ஆஹா, அந்தக் கோழிங்களைப் பார்க்கணுமே! கொண்டை செக்கச்செவேல்னு... சேவல் இருக்கே, பக்கத்து வீட்டு நாயைத் துரத்துது சார்! என் பேத்திதான்... எதுக்கு அதை... அவளும் அந்தப் பள்ளிக்கூடம்தான், மதியம் என் அரிசிதான். முகமெல்லாம் வெளுத்து, நாலு படி ஏறினா மூச்சு வாங்குது. ரத்தத்துல இரும்புச்சத்து இல்லேங்கறாரு டாக்டரு. தாத்தா போடற சத்தரிசியைத் தின்னே இப்படின்னா, தின்னலேன்னா என்ன ஆகியிருக்கும்? அன்னிக்கு நான் அழுதுட்டேன் சார்.

எழுந்துட்டீங்க? சாம்பிள் இந்த மூட்டையில எடுங்க சார்! அது கோழிக்கூண்டு... பையை எடுத்துக்கிட்டு அங்க எதுக்கு? ஐயையே, தீவனத் தட்டுல கைய விடறீங்களே! என்ன அது... காட்டுங்க. பழுப்பா... எல்லாம் ஒரே அளவா, அச்சுல வார்த்த மாதிரி...

இருங்க. கலந்த பிறகு நான்... அந்த அம்மா சொல்ல வந்தது... சத்தரிசியே கொஞ்சம் பழுப்புன்னா?

யோவ், மிஷினை நிறுத்துங்கய்யா! அடியே! போடாதேடி, கோழிக்குப் போடாதே! அது நம்ம பாப்பாவோட சாப்பாடுடி!