பாசில் மாமா என்று நாங்கள் அழைத்தவர்

என் பெயர் லத்தீஃபா. வயது முப்பத்தொன்பது. கணவர் பெயர் முத்து முகம்மது. கிள்ளான் லிட்டில் இந்தியாவில் எங்கள் துணிக்கடைக்கு மேல்மாடியில் குடியிருக்கிறோம். எங்கள் ஒரே மகள் சஹர், வயது பன்னிரண்டு, ஆறாம் ஆண்டு படிக்கிறாள். அவளுக்கு நடந்ததைப் பற்றி, போலீஸ் துறையின் பெண்கள், சிறார் விசாரணைப் பிரிவு அதிகாரி சார்ஜன் அமுதவள்ளி முன்னிலையில், யாருடைய கட்டாயமும் இல்லாமல் தமிழில் சொல்கிறேன். நடந்ததை வரிசையாகச் சொல்லும்படி அதிகாரி கேட்டுக்கொண்டார். கோபம் வந்தால் முன்பின்னாகத்தான் வரும் என்று நான் சொன்னேன். அதையும் எழுதிக்கொள்வதாகச் சொன்னார்.

சென்ற ஆண்டு என் தம்பி சஃப்வானின் நிக்காஹ் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் நடந்தது. சஃப்வான் என் கூடப் பிறந்தவன், சுங்கை பூலோவில் இருக்கிறான். எங்கள் பூர்வீக ஊரான கீழக்கரையில் உள்ள சொந்தக்காரர்கள் பார்ப்பதற்காக நிக்காஹை ஃபேஸ்புக்கில் நேரலையாகப் போட்டோம். ஊரில் வயதானவர்களுக்குக் கணக்குத் தொடங்கிப் பார்க்கத் தெரியாது என்பதால், யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வைத்திருந்தோம். அதன் பிறகு அந்த நேரலையின் கீழே பாசில் என்ற பெயரில் ஒருவர், ‘லத்தீஃபா தங்கச்சியைப் பார்த்தா எங்க சாச்சியையே பார்த்த மாதிரி இருக்கு’ என்று எழுதியிருந்தார். சாச்சி, அதாவது சித்தி, என்று அவர் எழுதியது, மௌத்தாகிவிட்ட என் உம்மாவை. தான் என் வாப்பாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணனின் மகன் என்றும், இப்போது துபாயில் வேலை என்றும் எழுதினார். அதைப் படித்து நான் அழுதேன். அவருடைய வரிக்கு மேலேயே என் உம்மாவின் பெயரையும் வாப்பா வழி உறவுகளையும் மற்றவர்கள் எழுதி வைத்திருந்ததை இப்போதுதான் போய்ப் பார்த்தேன்.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஊர்ப் பெயரும் இரண்டு பெரியவர்கள் பெயரும் சரியாகச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் விசாரிப்பதில்லை. விசாரித்தால் அவமரியாதை. உடனே முறை வைத்துக் கூப்பிடத் தொடங்கிவிடுவோம். அப்படித்தான் நானும் அவரை ‘காக்கா’ என்று அண்ணன் முறையில் கூப்பிட்டேன். அதன் பிறகு குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவரைச் சேர்த்தோம். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. பெருநாளுக்கு எல்லாருக்கும் முன்னால் அவர்தான் வாழ்த்து அனுப்பினார். என் கணவரின் முழங்கால் வலியைக்கூட மறக்காமல் விசாரிப்பார். கூடப் பிறந்தவன் அப்படி விசாரித்ததில்லை என்று சஃப்வானை நான் குத்திக்காட்டியதும் உண்டு.

சஹரின் வீட்டுப்பாடங்கள் கைப்பேசியில்தான் வரும் என்பதால் அவளுக்கு ஒரு கைப்பேசி வாங்கிக் கொடுத்திருந்தோம். குழுவில் அவளும் இருந்தாள். அவளுக்குக் கணக்கு வராது. பாசில் அதைத் தெரிந்துகொண்டு கணக்குச் சொல்லித் தருவதாகத் தனியாக அவளுக்கு எழுதத் தொடங்கினார். என்னிடம் சொல்லிவிட்டுத்தான் தொடங்கினார். நான் சந்தோஷப்பட்டேன்.

அதன் பிறகு சஹரின் பள்ளியில், இணையத்தில் பிள்ளைகள் எப்படிப் பத்திரமாக இருக்க வேண்டும் என்று ஒரு நிகழ்ச்சி நடத்தினார்கள். ஆசிரியர் நன்றாகவே சொல்லிக் கொடுத்திருக்கிறார். அன்று சஹர் நேராகக் கடைக்கு வந்து என்னைக் கேட்டாள்.

“உம்மா, ஸ்ட்ரேஞ்சர்கிட்ட பேசக்கூடாதுன்னு டீச்சர் சொன்னாங்க. பாசில் மாமாவை நம்ம நேர்ல பார்த்ததே இல்லையே?”

“சொந்த மாமாவைப் போய் ஸ்ட்ரேஞ்சர்ங்கிறியே, அவங்க காதுல விழுந்தா என்ன நினைப்பாங்க? முதல்ல ஸலாம் சொல்லி ஒரு வாய்ஸ் அனுப்பு” என்றேன்.

கடையில் அப்போது ஆள் நிறைய இருந்தார்கள். அவள் என் முன்னாலேயே ஸலாம் சொல்லி அனுப்பினாள். பிள்ளை சரியான கேள்வியைச் சரியான ஆளிடம்தான் கேட்டாள். இதை அப்படியே எழுதும்படி அதிகாரியைக் கேட்டுக்கொண்டேன்.

இந்த ஆண்டுதான் சஹர் முக்காடு போடத் தொடங்கினாள். என் கூடப் பிறந்த சஃப்வான் முன் அவள் முக்காடு போட வேண்டியதில்லை. எனக்கு அண்ணன் முறையாகிறவர் முன் போட வேண்டும். இது எங்கள் மார்க்கம். இதை நான் அவளுக்குப் பிரித்துச் சொல்லியிருக்கவில்லை. பாசில் அதைப் பிடித்துக்கொண்டான். இனி அவனுக்கு என் வாயில் மரியாதை வராது. ‘சஃப்வான் மாமா முன்னாடி முக்காடு போடுறியா? அப்ப எனக்கு மட்டும் எதுக்கு? நானும் மாமாதானே’ என்று எழுதி, முக்காடு இல்லாமல் ஒரு படம் கேட்டிருக்கிறான். பிள்ளை அனுப்பியிருக்கிறாள். அந்தப் படத்தில் அவள் பள்ளிச் சட்டையோடு, பின்னலை முன்னால் போட்டுக்கொண்டு சிரிக்கிறாள். வேறு ஒன்றும் இல்லை. அதன் பிறகு அவன் வேறு மாதிரிப் படங்கள் கேட்டிருக்கிறான். அவள் மறுத்ததும், முதல் படத்தைக் குடும்பக் குழுவில் போட்டு, உன் மகள் இப்படி அந்நிய ஆணுக்கு அனுப்புகிறாள் என்று வாப்பாவிடம் சொல்லுவேன் என்று மிரட்டியிருக்கிறான். அந்நிய ஆண் என்று அவனே எழுதியிருக்கிறான். அவள் அனுப்பவில்லை. சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போவாள். பரீட்சை பயம் என்று நான் நினைத்தேன்.

போன வாரம் பள்ளி விட்டு வந்தவள் கடையின் பின்கட்டுக்குப் போனாள். வெகுநேரம் வராததால் நான் போய்ப் பார்த்தேன். துணி வெட்டும் கத்தரியால் பின்னலைக் காதளவில் வெட்டிக் கீழே போட்டிருந்தாள். நான் முதலில் அவளை அறைந்தேன். என்ன ஏது என்று கேட்காமல் அறைந்தேன். அவள் அழவில்லை.

“இப்ப அந்தப் படத்துல இருக்கிறது நான் இல்லைன்னு சொல்லலாம்ல உம்மா?” என்று கேட்டாள்.

அதன் பிறகுதான் எல்லாம் சொன்னாள். நான் அவள் கைப்பேசியிலிருந்தே அவனைக் கூப்பிட்டேன். எடுத்ததும் பழக்க தோஷத்தில் ‘காக்கா’ என்று என் வாய் சொல்லிவிட்டது. அந்த வார்த்தைக்காக இன்றுவரை என் நாக்கு எரிகிறது. வெளியே சொன்னால் உன் மகள் பேர்தான் கெடும் என்று சொல்லிவிட்டு அவன் துண்டித்தான். குழுவிலிருந்தும் போய்விட்டான். அதன் பிறகு என் கணவர் ஊருக்குப் பேசி விசாரித்தார். அவன் சொன்ன வீட்டில் ஆண் பிள்ளையே பிறக்கவில்லை என்று தெரிந்தது.

புகார் கொடுக்க வேண்டும் என்றேன். என் கணவர் நல்லவர். ஆனாலும் தயங்கினார்.

“ரிப்போர்ட் எல்லாம் வேணாம்லா. நாளைக்கு அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கணும்” என்றார்.

“அவ அறையும் வாங்கிட்டு, முடியையும் வெட்டிட்டு நிக்கிறா. மாப்பிள்ளையைப் பத்தி இப்ப யாரு கேட்டா?” என்று சொல்லிவிட்டு நான் போலீஸ் நிலையத்துக்கு நடக்கத் தொடங்கினேன். அவர் கடையைப் பூட்டிவிட்டுப் பின்னாலேயே வந்தார். செய்திகள் எதையும் அழிக்காமல் கைப்பேசியை அதிகாரியிடம் ஒப்படைத்துவிட்டோம்.

நேற்று சஃப்வான் வீட்டுக்கு வந்தான். சஹர் பிறந்தபோது என் உம்மாவுக்கு அடுத்து அவளைக் கையில் வாங்கியவன் அவன். வரும்போதெல்லாம் பின்னலைப் பிடித்து இழுத்துவிட்டுத்தான் உள்ளே வருவான். அவன் குரல் கேட்டதும் சஹர் அறைக்குள் போய் முக்காட்டை இறுக்கிக் குத்திக்கொண்டு வந்து, என் பின்னால் நின்றாள்.

“உம்மா, இவங்க முன்னாடி எடுக்கலாமா?” என்று என் காதில் கேட்டாள்.

எடுக்கலாம் என்று சொன்னேன். இவன் உன் சொந்த மாமா, என் கூடப் பிறந்தவன் என்று சஃப்வான் முன்னாலேயே சத்தமாகச் சொன்னேன். அவள் எடுக்கவில்லை.

நான் சொல்லச் சொல்ல எழுதியதை அதிகாரி எனக்குப் படித்துக் காட்டினார். இதில் உள்ளது அத்தனையும் உண்மை. கூட்டியும் சொல்லவில்லை, மறைக்கவும் இல்லை.

ஒப்பம்,
லத்தீஃபா