வெண்ணந்தூர்ப் பூஜ்யங்களைத் திருத்த மறுத்த சென்னியப்பன் அவர்களுக்கு

வலியின் வாசல்தோறும் வணங்கி நின்று வினவியவரே! படிவம் பிசகாத பண்பாளரே! ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல், இருபத்தாறு ஆண்டுகள் ஒரே கேள்விகளை ஒரே குரலில் கேட்டுக் கேட்டுக் களைத்து, இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் சென்னியப்பன் ஐயா அவர்களே! வணக்கம்.

எழுந்து நிற்க வேண்டாம், உட்கார்ந்தே கேளுங்கள். இம்மடலின் ஒரு படி உங்கள் வீட்டுக்கு, மற்றொரு படி எங்கள் அலுவலகச் சுவருக்கு. உங்களைப் பார்த்தேயிராதவர்கள் நாளை இதைப் படிக்கப் போகிறார்கள். ஆகவே, இனி உங்களை 'அவர்' என்றே சொல்கிறோம், பொறுத்தருள்க.

எங்கள் வலி ஆய்வுப் பிரிவில் அவர் களப்பணியாளர். கையில் ஒரு படிவம், அதில் பதினொரு கேள்விகள். கடந்த இருபத்துநான்கு மணி நேரத்தில் வலி எவ்வளவு, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்க. அந்த வலி தங்கள் வேலையை எந்த அளவுக்குத் தடை செய்தது, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்க. இப்படியே போகும். பல ஊர்களில் இதே படிவம், இதே சொற்கள். நம்மூர் எட்டையும் வேற்றூர் எட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டுமென்றால் கேட்பவர் கதை பேசக் கூடாது, விளக்கம் சொல்லக் கூடாது. புரியவில்லை என்றால் அதே கேள்வியை அப்படியே இன்னொரு முறை படிக்கலாம், அவ்வளவுதான். பரமத்தி வேலூரில் வெற்றிலை கிள்ளுகிறவர்களிடமும் வாழப்பாடிச் சந்தையில் மூட்டை தூக்குகிறவர்களிடமும் அவர் அப்படித்தான் படித்தார். "ஏனுங்க, ரேடியோப் பொட்டி கணக்கா பேசறீங்க?" என்று எத்தனை பேர் சிரித்திருப்பார்கள்! சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து, மறுபடியும் அதையே படிப்பார். வீடு திரும்பியதும் மனைவியிடம் பேசவே வாய் வராது என்று அவரே சலித்துக்கொண்டதுண்டு.

ஐந்தாண்டுகளுக்கு முன் வந்தது அந்தச் சோதனை. வெண்ணந்தூர்த் தறிகளில் வேலை செய்யும் பெண்கள் தொண்ணூற்று நான்கு பேரின் படிவங்களைத் தலைமை அலுவலகம் திருப்பி அனுப்பியது. வலி என்ற இடத்தில் ஏழு, எட்டு, ஒன்பது. வேலைத் தடை என்ற இடத்திலோ வரிசையாகப் பூஜ்யம். எட்டு வலி உள்ளவருக்கு வேலை தடைப்படாமல் இருக்குமா? களப்பணியாளர் நேரில் போகாமலே நிரப்பியிருக்கிறார் என்று ஐயப்படுகிறோம். ஒரு மாதத்துக்குள் திருத்துங்கள், இல்லையேல் தொண்ணூற்று நான்கையும் நீக்கிவிடுவோம் என்று எழுதியிருந்தார்கள். பொய்ப் படிவம் எழுதியவர் என்ற பேர், அதுவும் இவருக்கு! கடிதத்தை மடித்து மேசைமேல் வைத்தார். ஆத்திரம்கூட வரவில்லையாம், அலுப்புதான் வந்ததாம்.

எங்கள் கணினிப் பிரிவின் கௌசிக், நல்ல பிள்ளை, இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னான்.

"அண்ணா, பூஜ்யத்துக்கு முன்னாடி ஒண்ணு போட்டா பத்தாயிருமுங்க. வேலை முடிஞ்சுதுங்க."

"அதுக்கு நான் ஊட்டுல உக்காந்தே நெரப்பியிருப்பனே சாமி. எதுக்கு அத்தன பஸ்சு ஏறுனேன்?" என்றார் அவர்.

மறுநாளே சாட்சிக்கு எங்கள் வித்யாவை அழைத்துக்கொண்டு வெண்ணந்தூருக்குப் போக ராசிபுரம் பஸ் ஏறினார். முதல் வீடு குப்பாயி அம்மாளுடையது. ஐம்பது வயது, நாள் முழுக்கத் தறியடியில் நின்று இடுப்பு ஒருபக்கம் சாய்ந்துபோனவர். தறியை நிறுத்திவிட்டு, "போன தடவையும் இதையேதான கேட்டீங்க?" என்றார். இவர் படித்தார். வலி? எட்டு. வேலையை எந்த அளவுக்குத் தடை செய்தது?

"தடையா? அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. பூஜ்யம் போடுங்க."

வித்யாவுக்குப் பொறுக்கவில்லை. "அம்மா, வலியில வேலை செய்யச் செரமமா இல்லீங்களான்னு..." என்று ஆரம்பித்துவிட்டார். சென்னியப்பன் கையைக் காட்டி நிறுத்தினார். மறுபடியும் அதே கேள்வியை, அதே சொற்களில் படித்தார்.

"பூஜ்யந்தானுங்க. வலிக்குதுன்னு நின்னா தறிய யாரு ஓட்டுவா? ஒரு நா நிறுத்துனதில்லீங்க நானு."

அவர் கட்டத்தில் பூஜ்யம்தான் போட்டார். அந்த அம்மாள் சொன்னதைப் படிவத்தின் பின்பக்கம் அப்படியே எழுதிக்கொண்டார். எட்டு நாட்கள், தொண்ணூற்று நான்கு வீடுகள். விடை மாறவில்லை.

அவர் தலைமை அலுவலகத்துக்கு எழுதிய பதில் எங்கள் கோப்பில் இருக்கிறது: "இவை பிழையல்ல. நாம் கேட்டது வேலை நின்றதா என்று, நிற்கவில்லை என்கிறார்கள். கேள்வியை மாற்ற எனக்கு உரிமையில்லை. விடையை மாற்ற யாருக்குமே உரிமையில்லை. இன்னும் ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேளுங்கள்."

உடனே மாலை போட்டு வரவேற்றார்களா என்ன! குழு கூடியது, கலைந்தது, மீண்டும் கூடியது. புதிய கேள்வி ஆங்கிலத்துக்குப் போனது, பொருள் பிசகியது என்று தமிழுக்குத் திரும்பியது, மறுபடியும் போனது. மூன்று ஆண்டுகள். அதன்பின்தான் தொண்ணூற்று நான்கு படிவங்களும் கணக்கில் ஏறின. பன்னிரண்டாம் கேள்வி எல்லா ஊர்ப் படிவங்களிலும் அச்சேறியது: 'வலியைப் பொறுத்துக்கொண்டே தாங்கள் செய்து முடித்த வேலை எவ்வளவு?' வெளியான ஆய்வுக் கட்டுரையில் அவர் பெயர் இல்லை. எங்களுக்குத்தான் அது இன்னும் ஆறவில்லை; அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

புதிய படிவத்தோடு அவர் முதலில் போனது குப்பாயி அம்மாள் வீட்டுக்கு. அதற்குள் அந்த அம்மாள் எழுந்து நடமாட முடியாதவராகி, தறியை மருமகள் ஓட்டிக்கொண்டிருந்தாள். இவர் படித்த பன்னிரண்டாம் கேள்வி காதில் விழுந்ததும் அந்த அம்மாள் இவரை நிமிர்ந்து பார்த்தாராம்.

"இப்பத்தான் கேக்கத் தோணுச்சுங்களா சாமி?"

விதிப்படி இவர் அதே கேள்வியை இன்னொரு முறை படித்தார்.

ஆண்டுக்கொரு முறை எங்களுக்குள் ஒத்திகை உண்டு. ஒருவர் நோயாளியாக நடிப்பார், மற்றவர் படிவம் நிரப்புவார். போன வாரம் அவர் நோயாளி, எங்கள் களப்பணியாளர் யுவஸ்ரீ கேள்வி கேட்டாள். வழக்கமாக லாரி டிரைவர் என்றும் கிணறு வெட்டுகிறவர் என்றும் வேடம் கட்டிச் சிரிக்க வைப்பார். இம்முறை பெயரைக் கேட்டதற்குத் தம் பெயரையே சொன்னார். வலி எங்கே? இரண்டு முழங்காலும். எவ்வளவு? ஏழு. எத்தனை காலமாக? பதினோரு வருடமாக. நாங்கள் பதினோரு வருடமும் பக்கத்து மேசையில்தான் இருந்தோம், ஒருவர்கூடக் கேட்டதில்லை! வேலையை எந்த அளவுக்குத் தடை செய்தது என்று யுவஸ்ரீ படித்தாள்.

"பூஜ்யம்."

பன்னிரண்டாம் கேள்வியைப் படித்தாள். அவர் சன்னல் பக்கம் பார்த்தார்.

"அத உட்ரு சாமி. மேல போ."

விடை சொல்ல விரும்பாதவரை வற்புறுத்தக் கூடாது என்பது விதி. அந்தக் கட்டம் காலியாகவே இருக்கிறது. எங்களில் ஒருவரும் அதில் எண் எழுதவில்லை, எழுதவும் மாட்டோம்.

ஐயா, இனி உங்களிடமே பேசுகிறோம். எங்களுக்குப் பொன்னாடையும் பழத்தட்டும் தருவதைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. பதினோரு வருடம் கேட்காமல் போனதற்கு மன்னியுங்கள். திங்கட்கிழமை காலை முழங்கால் மருத்துவரிடம் உங்கள் பெயரைப் பதிந்திருக்கிறோம். கௌசிக் வண்டியோடு வருவான், மறுக்காமல் ஏறுங்கள். நெடுநாள் நலமாய் வாழுங்கள். இனி எப்போதாவது யாராவது உங்களிடம் படிவம் நீட்டி, வலி எவ்வளவு என்று கேட்டு, நீங்கள் பூஜ்யம் என்று சொன்னால், அது மெய்யாகவே பூஜ்யமாக இருக்கட்டும்.

என்றும் உங்கள்,
வலி ஆய்வுப் பிரிவின் அலுவலர்களும் களப்பணியாளர்களும்,
சேலம்