பொட்டுக்கு அடியில்

"பொட்டை அழிச்சுப் பாத்தியளா?" என்று பின்சீட்டில் ஒரு பெண் கேட்டார்.

ராஜபாளையத்திலிருந்து சங்கரன்கோவில் போகும் பஸ் அது. நான் திரும்பவில்லை. கணவனும் மனைவியும் தங்கள் குடோனுக்காக, உயரமான தட்டுகளில் சரக்கு ஏற்றும் பழைய ரீச் டிரக் ஒன்றை விலைக்குப் பார்த்துவிட்டு வருகிறார்கள் என்று பேச்சிலேயே தெரிந்தது.

"சாமி கும்பிட்டு வச்ச பொட்டை எவனாது அழிப்பானா? பிரேக் பாத்தேன், ஹாரன் பாத்தேன், சோதனை பண்ணின சர்ட்டிபிகேட்டும் இருக்கு."

"நம்ம லாரிக்கு எங்கன பொட்டு வைப்போம்?"

"மூஞ்சியிலதான்."

"அப்போ இதுக்கு மட்டும் சரக்கு தூக்குத ரெண்டு இரும்பு ஃபோர்க்கும் வளையுத இடத்துல எதுக்குச் சந்தனத்தை அப்பி வச்சிருக்கான்?"



"ஏட்டி, எடை பூராவும் அங்கனதான் நிக்கும்," என்றார் கணவர் மெதுவாக. "கீறல் விட்டாலும் அங்கனதான் விடும்."

"ஓட்டப் போறது என் தம்பி. ஒடிஞ்சி விழுந்தா?"

வண்டியை விற்கிறவருக்கு அவர் போன் போட்டார். "அண்ணாச்சி, அந்தச் சந்தனத்தைத் துடைச்சுட்டு ஒரு போட்டோ அனுப்புங்க." பதிலைக் கேட்டதும் மனைவியிடம் சொன்னார்: "துடைச்சா சாமி குத்தம் ஆயிருமாம்."

"குத்தம் எனக்கே வரட்டும். இறங்குங்க."

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, எதிர்ப்பக்கம் போய் ராஜபாளையம் பஸ்ஸுக்கு நின்றார்கள். அப்போதுதான் அவர்களைப் பார்த்தேன். அந்தப் பெண் பாட்டிலைத் தூக்கி, தண்ணீர் எவ்வளவு மிச்சம் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.