நாலு வாசல் வீடு

சாத்தூரிலிருந்து ஏழாயிரம்பண்ணை போகும் காலை பஸ். என் முன் சீட்டில் பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போகும் இரண்டு பெண்கள்.

“புது வீட்டுக்கு நாலு பக்கமும் வாசல் வைக்கச் சொல்லிட்டேன், மதினி.”

“நாலு வாசலா? கொத்தனார் சிரிக்கலையா?”

“சிரிச்சாரு. கம்பெனியில வெடிமருந்து அடைக்கிற ரூமுக்கு நாலு வாசல் இருக்குல்ல?”

“அது வெடிச்சா ஓடுறதுக்கு. வீட்டுக்கு எதுக்கு?”

“கம்பெனி பக்கத்துல வீடே கூடாதுன்னு சொல்லிட்டிருந்தாக. இப்ப வெள்ளாம நிலத்தை வீடு கட்ட மாத்திக் குடுத்தா ஊராட்சிக்கு அரசாங்கம் பணம் குடுக்குதாம். உடனே கம்பெனி காம்பவுண்டை ஒட்டுன கரிசக்காட்டையும் வீட்டுமனைன்னு எழுதிட்டாக. அங்கனதான் நமக்குக் கட்டுபடியாச்சு.”

“சரி, வந்த பணத்துல ஊருக்கு என்னதான் செஞ்சாக?”

“சுடுகாட்டுக்கு ரோடு போட்டிருக்காக.”