மழையில் போன படம்

மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவில் போகும் பேருந்தில், எனக்கு முன்னிருக்கையில் இரண்டு ஆசிரியைகள் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவர் ஓவிய ஆசிரியை.

"பிள்ளையளுக்கிட்ட பொய் சொல்லிட்டேன் மக்கா," என்றார்.

"என்ன பொய்?"

"மேலுக்குச் சீலை போட உரிமை கேட்டு அந்தக் காலத்துல போராடுன பொம்பளைகளை எட்டாம் கிளாஸ் பிள்ளைய எல்லாம் சேர்ந்து பள்ளிக்கூடச் சுவருல வரைஞ்சுதுல்லா? ஆளுக்கொரு முகம். பழைய சாதிச் சண்டையை எதுக்குக் கிளறுதீங்கன்னு நாலு பேரு வந்து கேட்டாவ. எச்.எம். அழிக்கச் சொல்லிட்டாரு."

"யாரு அழிச்சா?"

"நாந்தான். ஞாயித்துக்கிழமை ஒத்தைக்குப் போய் வெள்ளையடிச்சேன். எனக்கு வேலை நிரந்தரம் இல்லல்லா."

"பிள்ளைய கேக்கலியா?"

"கேட்டுது. மழையில போச்சுன்னு சொன்னேன்."

பேருந்து தக்கலையைத் தாண்டியது. பிறகு ஓவிய ஆசிரியையே தொடர்ந்தார்.

"ஒரு பிள்ளைக்க அப்பா பெயிண்டடிக்கப் போற ஆளு. அந்தப் பிள்ளை அவருகிட்ட கேட்டு, மழைக்கு அழியாத பெயிண்டு ஒரு டின்னு இன்னைக்கு கொண்டு வந்து தந்துது. இனி போகாது டீச்சர்னு சொல்லுது."

"நீ என்ன செய்த?"

"வாங்கி பீரோவுல வச்சுப் பூட்டிட்டேன்."